தாவீது சவுண்ட் சர்வீசும் பதினெட்டுப் பக்கமும்

சரோஜினி டீச்சர் தாவீதுக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். புரொஜெக்டர் வாடகை. வாரத்துக்கு முந்நூறு வீதம் பதினாலு வாரம். தாவீது சொன்ன கணக்கில் ஒரு ரூபாய் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. மூன்றாம் வகுப்பில் வாத்தியாரின் பிரம்புக்குப் பயந்து பள்ளிக்கூடச் சுவரேறிக் குதித்தவர், அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் முந்நூறைப் பதினாலால் பெருக்க அவருக்குப் பேப்பர் வேண்டாம், போன் வேண்டாம், பக்கத்தில் ஆள் வேண்டாம்.

தாம்பரத்தில் தாவீதைத் தெரியாது என்று சொல்கிறவர் நேற்று ரயிலில் வந்து இறங்கியவராகத்தான் இருக்க வேண்டும். பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய ஓலைக் குடிசையில் பிறந்து, பத்து வயதில் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மைக் செட் கடையில் பேட்டரி தூக்கச் சேர்ந்தார். சம்பளம் ஒரு ரூபாயும் இரண்டு டீயும். மற்ற பையன்கள் பேட்டரியை இரண்டு பேராகத் தூக்குவார்கள். தாவீது ஒற்றை ஆளாகத் தலையில் வைத்து நடப்பார். திருநீர்மலைப் படிக்கட்டில் தோளுக்கு ஒரு குழாய் ஸ்பீக்கராக இரண்டைப் போட்டுக்கொண்டு, நடுவில் எங்கும் உட்காராமல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தவர். பெருமாள் உற்சவத்துக்கும் தாவீது, மாதா திருவிழாவுக்கும் தாவீது, எந்தக் கட்சி மேடைக்கும் தாவீது. இன்றைக்கு அவருக்கு மூன்று குட்டியானை வண்டி, இரும்புலியூரில் இரண்டு மாடி வீடு, ஆறு ஆள் வேலைக்கு. எல்லாம் சொந்தச் சம்பாத்தியம். யாருடைய சிபாரிசும் இல்லை, எந்த சர்ட்டிபிகேட்டும் இல்லை.

அந்தப் புரொஜெக்டர் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் என்று வாங்கினது. இப்போது எல்லாரும் எல்.இ.டி. திரை கேட்கிறார்கள். பெட்டி கட்டிலுக்கடியில் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சரோஜினி டீச்சர் அவரைச் செருப்புப் போட விடாமல் பிடித்துக்கொண்டார்.

"தாவீது அண்ணா, உங்ககிட்ட பழைய புரொஜெக்டர் ஒண்ணு இருக்காமே?"

"பழசுன்னு சொல்லாதீங்க டீச்சர். ரெஸ்ட்ல கீது."

டீச்சருக்கு வயது ஐம்பத்து நாலு. கடப்பேரியில் சர்ச் நடத்தும் சின்னத் துவக்கப்பள்ளியில் நாலாம் வகுப்பு. அரசு உதவி இல்லாத பள்ளி, சம்பளம் பன்னிரண்டாயிரம். கொரோனா வந்து பள்ளியைப் பூட்டுகிற வரைக்கும் அவர் போனை எடுத்தால் ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் பேசுவார். பூட்டின பிறகு, கூட வேலை பார்க்கும் இளம் டீச்சர் பிளஸ்ஸியிடம் கற்றுக்கொண்டார். கற்றது போதும் என்று விடவில்லை. சர்ச்சில் பாட்டு வரிகளைச் சுவரில் காட்டி, ஒவ்வொரு வரியாக ஓட்டி, சபையார் எல்லாரையும் பாட வைக்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஆராதனை நடுவிலேயே பிளஸ்ஸியின் தொடையைக் கிள்ளினார். "தோத்திரப் புஸ்தகம் வாசிக்கத் தெரியாத பாட்டிங்ககூட சுவத்தப் பாத்து வாசிக்கிறாங்கடி. நம்ம பசங்க வாசிக்க மாட்டாங்களா?"

அதற்குத்தான் புரொஜெக்டர். பாடத்தை வரி வரியாகச் சுவரில் ஓட்டுவது. பிள்ளைகள் கூட்டமாகச் சத்தம் போட்டு வாசிப்பது. வாடகையைப் பள்ளிக் கமிட்டி தரும் என்று சொன்னார்கள். கமிட்டி கூடியது, டீ குடித்தது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று எழுந்தது. இப்படிப் பதினாலு வாரம்.

டீச்சர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தார். தமிழ்நாடு பூராவிலும் உள்ள நாலாம் வகுப்பு ஆசிரியர்கள் இருநூற்றுப் பதினாலு பேர். பாடத்துக்குப் படம் செய்து போடுவார்கள், ஒருவர் செய்ததை இன்னொருவர் எடுத்துத் திருத்துவார், காலையில் ரோஜாப்பூப் படம் போடுகிறவரைத் திட்டுவார்கள். ஒரு நாள் யாரோ ஒரு சார், புரொஜெக்டரைக் கூரையில் மாட்டினால் படம் தலைகீழாகத் தெரிகிறது என்று புலம்பியிருந்தார். டீச்சர் உடனே தாவீதைக் குரூப்பில் சேர்த்துவிட்டார்.

தாவீது டைப் அடிக்க மாட்டார். பேசித்தான் அனுப்புவார். "சார், வணக்கம். தாம்பரம் தாவீது பேசறேன். பொட்டிய கயட்டாதீங்க. மெனுவுல சீலிங்குன்னு ஒண்ணு கீது, அத்த அமுக்குங்க. படம் தானா நிமிந்துக்கும். சர்வீஸ்காரன் எவனாவது துட்டு கேட்டா எனக்கு போன் போடுங்க."

படம் நிமிர்ந்தது. குரூப்பில் நூறு பேர் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து ஒயர் சூடானால், சத்தம் இரைந்தால், பல்பு மங்கினால் எல்லாவற்றுக்கும் தாவீது அண்ணாதான். கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் போனைக் காட்டுவார். "இருநூத்தி பதினாலு வாத்தியாருக்கு வாத்தியாரு யாரு? பாத்துக்கோ."

அந்தப் பெருமையில் கொஞ்சம் கண் மறைத்தது.

அக்டோபரில் ஒரு மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவருடைய வண்டி டிரைவரும் மைக் ஆபரேட்டருமான பென்னி டீசலுக்குப் பணம் கேட்டிருந்தான். தாவீது போனை வாய்க்கு நேரே பிடித்தார்.

"டேய் பென்னி, டீசலுக்குத் துட்டு கேக்கறியே, டீச்சரு நாலாயிரத்து இருநூறு பாக்கி வெச்சிகினு கீறாங்கோ, அத்த யார்ரா கேக்கறது? பொட்டில படம் காட்னா பசங்க படிச்சிடுமா? பதினஞ்சு வருசமா பொட்டி என் வூட்டுல கீது, எனக்கு இன்னா படிப்பு வந்துச்சி? சொல்றேன் கேட்டுக்க. அந்த கிளாசுல பதினெட்டு புள்ளிங்களும் ஆளுக்கொரு பக்கம் தடுமாறாம படிச்சிட்டா, பாக்கியும் வாணாம், அதே நாலாயிரத்து இருநூற நானே டீச்சரு கையில எண்ணி வெக்கிறேன், பொட்டியும் அங்கியே கெடக்கட்டும். ஒரே ஒரு புள்ள தடுக்குனாலும் துட்டும் வரணும், பொட்டியும் வண்டியில ஏறணும். தாவீது வாக்கு இது!"

அனுப்பிய பிறகுதான் பார்த்தார். போனது பென்னிக்கு இல்லை. மேலே கிடந்த ஆசிரியர் குரூப்புக்கு.

தாவீது பதறுகிற ஆள் இல்லை. அழிக்கத் தெரியும் அவருக்கு. அதை அழுத்திப் பிடித்தார். குப்பைத் தொட்டிப் படத்தைத் தொட்டார். போன் இரண்டு வழி கேட்டது. எல்லாருக்கும் அழிக்கவா, உங்களுக்கு மட்டும் அழிக்கவா? தாவீது யோசித்தார். எல்லாருக்கும் என்று தொட்டு, அது எல்லாருக்கும் போய்த் தொலைத்தால்? விவரமான ஆளாக 'எனக்கு மட்டும்' என்பதைத் தொட்டார். அவர் போனிலிருந்து அது மறைந்தது. நிம்மதியாக டீ போடச் சொன்னார்.

டீ ஆறுவதற்குள் போன் துள்ள ஆரம்பித்தது. சிரிப்பு முகம், கைதட்டல், கும்பிடு. அறந்தாங்கிப் பக்கத்தில் தலைமையாசிரியராக இருக்கும் ராஜாராமன் சார்தான் குரூப்புக்குத் தலைவர். அவர் பேசி அனுப்பியிருந்தார். "தாவீது அண்ணா, உங்க சவாலை இந்தக் குரூப் ஏத்துக்குது. நவம்பர் கடைசி வெள்ளி, பதினோரு மணி. நடுவர் நான்."

"அழிச்சிட்டேனே!" என்றார் தாவீது, கட்டிலைப் பார்த்து.

சாயங்காலம் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். கூடவே பிளஸ்ஸி. கடையில் அப்போது கல்யாண ஆர்டர் கொடுக்க இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

"அண்ணா, பாக்கி வெச்சது என் தப்புதான். நான் கோவிச்சுக்கல. ஆனா நீங்க சொன்னது நிஜமா, விளையாட்டா? விளையாட்டுன்னா இப்பவே சொல்லிடுங்க, குரூப்ல சொல்லிடறேன்."

விளையாட்டுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் கல்யாண வீட்டுக்காரர் இரண்டு பேரும் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தாவீது சொன்னா சொன்னதுதான் டீச்சர். ஆனா கண்டிசன் கீது. மனப்பாடம் பண்ண பாடம் கூடாது. ஒரு புள்ள படிச்ச பக்கத்த இன்னொரு புள்ள படிக்கக் கூடாது. ஒரு புள்ளைக்கு மூணு வாட்டி தடுக்கலாம், நாலாவது வாட்டி தடுக்குனா பொட்டி வண்டியில."

டீச்சர் யோசிக்கவில்லை. "சரி. என் பக்கமும் ஒண்ணு இருக்கு. அதுவரைக்கும் வாடகை ஓடக் கூடாது."

பிளஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர், "டீச்சர் கரெக்டாத்தான் பேசறாங்க" என்றார். தாவீது தலையை ஆட்டினார். வேறு வழி?

வெளியே வந்ததும் பிளஸ்ஸி சிரிப்பை விட்டாள். "மிஸ், தோத்துட்டா நாலாயிரத்து இருநூறு கொடுக்கணும். சம்பளத்துல மூணுல ஒரு பங்கு."

"பணத்தை எப்படியாவது கொடுத்துடலாம். பெட்டி போயிடுச்சுன்னா அந்த நாலு பேரும் பழையபடி பேந்தப் பேந்த முழிப்பாங்களேடி, அதான்."

நாலு பேர் வாசிக்கத் திணறுகிறவர்கள். மூன்று பேர் எப்படியும் தேறிவிடுவார்கள். நாலாவது சினேகா. அவள் அம்மா கன்னியம்மா குரோம்பேட்டையில் நாலு வீட்டில் வேலை செய்கிறவள். சினேகாவுக்கு எழுத்து தெரியாமல் இல்லை. எழுந்து நின்றால் வாய் திறக்காது. திறந்தாலும் காற்றுதான் வரும். முதல் பெஞ்சுக்கே கேட்காது.

அந்த ஆறு வாரமும் குரூப் தூங்கவில்லை. ஒரு ஊர் டீச்சர் கூட்டெழுத்துக்கென்று தனியாகப் படம் செய்து அனுப்பினார். இன்னொரு சார் சின்னச் சின்னக் கதைகளை வரி பிரித்து அனுப்பினார். சுவரில் வரி ஓடும். பதினெட்டுப் பிள்ளைகளும் கூவும். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார். சினேகாவுக்கு மட்டும் பிளஸ்ஸி ஒரு வழி சொன்னாள். "மிஸ், அவ ஆளுங்க முன்னாடிதான் பேச மாட்டா. போன்கிட்ட பேசுவாளோ என்னவோ."

பேசினாள். ராத்திரி கன்னியம்மா வீட்டுக்கு வந்ததும் அம்மா போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்து ஐந்து வரி வாசித்து டீச்சருக்கு அனுப்புவாள். டீச்சர் அதைக் குரூப்பில் போடுவார். மறுநாள் காலையில் முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து பதில் வந்து கிடக்கும். "சினேகா கண்ணு, சூப்பர்", "அந்த றகரத்தை அழகா சொன்னடா." அதையெல்லாம் ஸ்பீக்கரில் போட்டு வகுப்புக்கே கேட்க வைப்பார் டீச்சர். சினேகா மேஜைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு சிரிப்பாள்.

தாவீது அடிக்கடி 'ஒயர் செக் பண்ண' வந்து கடைசி பெஞ்சில் நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒயருக்கு ஒன்றும் இல்லை. போகும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. தாவீது வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வாசலில் ஒரு குட்டியானை, பெட்டியை ஏற்ற. பென்னி ஏதோ விசேஷத்துக்கு செட் போடப் போயிருந்ததால் வேறு டிரைவர். சுவரில் பாடம் இல்லை. கட்டம் கட்டமாக அறுபது முகங்கள். குரூப் ஆசிரியர்கள் நேரம் ஒதுக்கி வீடியோ கூட்டத்தில் வந்திருந்தார்கள். நடுவில் ராஜாராமன் சார், கழுத்தில் மப்ளரோடு.

"பதினெட்டு ஊரிலிருந்து பதினெட்டுப் பக்கம் வந்திருக்கு. எந்தப் பக்கம் யாருக்குன்னு எனக்கே தெரியாது. ஆரம்பிக்கலாமா?"

ஃபிரெடி முதலில் எழுந்தான். ஒரு தடுக்கலும் இல்லை. முடித்துவிட்டு அடுத்த பக்கமும் கேட்டான். ஒருத்தி இரண்டு இடத்தில் தடுக்கினாள். ஒருவன் மூன்று இடத்தில் தடுக்கி, வியர்த்து, கடைசி வரியை ஓட்டமாக ஓடி முடித்தான். இப்படிப் பதினேழு பேர். தாவீது மேல் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டார்.

"சினேகா எங்க?" என்றார் ராஜாராமன் சார்.

பக்கத்தில் உட்காரும் பெண் எழுந்தாள். "மிஸ், அவ வண்டலூர் போயிருக்கா மிஸ். அவ பெரியம்மா பாப்பாவுக்குக் காதுகுத்து."

எப்படியும் வந்துவிடுவாள் என்று காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்த டீச்சருக்கு முகம் வெளுத்தது. தாவீதுக்கு உயிர் வந்தது.

"ஆக, பதினேழுதான். பதினெட்டு இல்ல. டிரைவர் தம்பி, உள்ள வா, பொட்டிய எடு."

"அண்ணா, இருங்க. ஊருக்குப் போயிருக்கா, படிக்க மாட்டேன்னு போகல." டீச்சர் அதற்குள் கன்னியம்மாவுக்கு லிங்க் அனுப்பி, போன் போட்டு அதைத் தொடச் சொல்லி, அவளையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். ஒரு காலத்தில் போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்த அதே டீச்சர்!

சுவரில் புதுக் கட்டம் திறந்தது. கன்னியம்மாவின் முகம், பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பின்னால் காதைக் கிழிக்கும் பாட்டு.

"டீச்சர்! இன்னா டீச்சர்? கேக்கல! கொயந்த மாமன் மடியில உக்காந்துகினு கீது, ரெண்டு நிமிசம்!"

"சினேகாவைக் கூப்பிடுங்க! வாசிக்கணும்!"

சினேகா வந்தாள். பாவாடை சட்டை, கையில் பாதி லட்டு. பிளஸ்ஸி பக்கத்தைக் கன்னியம்மா சொன்ன இன்னொரு நம்பருக்கு அனுப்பினாள். சொந்தக்காரர் ஒருவர் தன் போனில் அதைத் திறந்து கொடுத்தார். சினேகா வாயைத் திறந்தாள். வாய் அசைவது தெரிந்தது. கேட்டதெல்லாம் பாட்டு.

ராஜாராமன் சார் காதைப் பொத்திக்கொண்டார். "ஒரு எழுத்தும் புரியல டீச்சர். கேக்காததுக்கு நான் எப்படி தீர்ப்பு சொல்றது?"

"அதான!" என்றார் தாவீது. "காதுல வியலைன்னா கணக்குல வராது."

"ஆனா ஒண்ணு சொல்றேன்," என்றார் ராஜாராமன் சார், "எவன் போட்ட மைக் செட்டுய்யா அது? தகர டப்பாவைத் தெருவுல உருட்டற மாதிரி. காசு கொடுத்தா இதைக் கேக்கறாங்க?"

அறுபது கட்டங்களிலும் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து கன்னியம்மா, சத்தம் இல்லாத இடம் தேடி, போனோடு திரும்பினாள். சுவர் நிறைய ஒரு மூங்கில் கம்பம். அதன் மேல் ஒரு குழாய் ஸ்பீக்கர். அதில் சிவப்பு எழுத்து. சுவரில் எழுத்து வந்தால் சேர்ந்து கூவுவதுதான் அந்த வகுப்பின் பழக்கம். யாரும் சொல்லாமலே பதினேழு பிள்ளைகளும் கூவினார்கள்.

"தாவீது சவுண்ட் சர்வீஸ்! இரவு பகல் சேவை! தாம்பரம்!"

பிறகு ராஜாராமன் சார் மெல்ல, "அண்ணா... நம்ம செட்டா அது?"

தாவீதுக்குக் காது சிவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக இந்தத் தொழில். கவர்னர் வந்த மேடைக்கும் செட் போட்டவர். தகர டப்பாவா?

"செட்டு கோளாறு இல்ல சார்! போனு கோளாறு! அந்த அம்மா குழாய்க்கு நேரா போய் போனைப் புடிச்சிகினு கீது! என் செட்டு இன்னா செட்டுன்னு இப்போ கேளுங்க!" என்று தன் போனை எடுத்து பென்னிக்கு அடித்தார். "டேய் பென்னி! வண்டலூர்லதான கீற? பாட்ட நிறுத்து! எக்கோவ எடு! ட்ரெபிள கொஞ்சம் ஏத்து! அங்க சினேகான்னு ஒரு பொண்ணு போனோட நிக்குது, அது கையில மைக்கக் குடு!"

பென்னியின் குரல் வகுப்பு முழுக்கக் கேட்டது. "ஓனரு, அந்தப் பந்தயம் பொண்ணா? அது படிச்சிட்டா நம்ம துட்டுதான் போவும்?"

"துட்டு போனா நாளைக்கு வரும்டா. ஊரு முன்னாடி செட்டு பேரு கெட்டா எவன்டா திருப்பிக் குடுப்பான்? குடுறா மைக்க!"

பாட்டு நின்றது. வண்டலூரில் பந்தி பரிமாறுகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். சினேகா லட்டை அம்மாவிடம் கொடுத்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு புறம் அம்மா பிடித்திருந்த போன், மறு புறம் கதைப் பக்கம் திறந்திருந்த போன். எதிரே யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. போனைப் பார்த்தாள்.

"ஒரு ஆடு... பஸ்ஸில் ஏறியது."

கண்ணாடித் தட்டில் காசு போட்ட மாதிரி கேட்டது. அறந்தாங்கியில் கேட்டது, கடப்பேரியில் கேட்டது, வண்டலூர்த் தெரு முழுக்கக் கேட்டது. சினேகா தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டுப் போய், பிறகு தொடர்ந்தாள். ஆடு ஜன்னலோரம் உட்கார்ந்தது. 'நடத்துநர்' என்ற இடத்தில் தடுக்கினாள். ஒன்று. ஆடு கதவோரம் போனது. 'பயணச்சீட்டு' என்ற இடத்தில் தடுக்கினாள். இரண்டு. ஆடு பயணச்சீட்டைத் தின்றுவிட்டது. காதுகுத்துப் பந்தலில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பில் அவளுக்கு வரி தவறியது. மூன்று.

இன்னும் மூன்று வரி. டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் யாரும் மூச்சு விடவில்லை. தாவீதும்தான்.

"ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். 'ஆட்டுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?' என்று கேட்டார். ஆடு, 'மே' என்றது."

முடிந்தது. வண்டலூரில் கைதட்டல். ஒரு தாய்மாமன் மைக்குக்குக் கிட்டே வந்து, "அப்பால ஆடு இன்னா ஆச்சி?" என்று கேட்டார். மடியில் இருந்த குழந்தை அழுதது. வகுப்பில் பதினேழு பேரும் பெஞ்சைத் தட்டினார்கள்.

ராஜாராமன் சார் மப்ளரைக் கழற்றினார். "மூணு தடுக்கல். நாலாவது இல்ல. பதினெட்டும் பாஸ். தாவீது அண்ணா, உங்க செட்டைப் பத்தி நான் சொன்னதை வாபஸ் வாங்கறேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா கேட்டுச்சு."

"அப்படிச் சொல்லுங்க!" என்றார் தாவீது மார்பை நிமிர்த்தி. "தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு வரைக்கும் இந்த மாதிரி செட்டு ஒருத்தன்கிட்ட..." என்று ஆரம்பித்தவர், எல்லாரும் தன் சட்டைப் பையையே பார்ப்பதைக் கவனித்து நிறுத்தினார்.

சரோஜினி டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "அண்ணா, பாக்கி போச்சு, பெட்டி இருக்கு. அதுவே எனக்குப் பெரிசு. பணம் எல்லாம் வேணாம்."

"டீச்சர், அன்னிக்கு என் வாக்க இருநூத்தி பதினாலு பேரு கேட்டாங்கோ. கைய நீட்டுங்க."

"நிஜமாத்தான் சொல்றேன் அண்ணா."

"நானும் நிஜமாத்தான் சொன்னேன். நீட்டுங்க."

டீச்சர் நீட்டினார். தாவீது உள்பையிலிருந்து கட்டை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டார். ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒவ்வொன்றாக விழ, பிள்ளைகள் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. ஃபிரெடி ஒரு எண்ணைத் தாண்டிப் போனான். தாவீது நோட்டைப் பிடித்த கையோடு நின்று, "மறுபடி சொல்லு" என்றார். சொன்னான். எட்டு நோட்டு முடிந்தது. பிறகு இரண்டு நூறு. ஒன்றை வைத்தார். கடைசி நூறைச் சுருக்கம் நீவி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார்.

"நாலாயிரத்து இருநூறு," என்றார்கள் பிள்ளைகள்.